கொட்டித் தீர்த்த பிறகு: உப்பு வெள்ளை, பனி வெள்ளை, மணலில் தடம். படம் எடுப்பவர்கள் பேசுவோம்

தென்கடல் (மண்டபம்)

அனைவருக்கும் வணக்கம். அடைமழை விட்ட மூன்றாம் நாள் தனுஷ்கோடி போய் வந்தேன். கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சேற்றுப் பரப்பில் இந்தப் பருவத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். இந்த முறை தண்ணீர் ஏறிக் கிடக்கிறது, ஒரு பறவை இல்லை. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பறவை அது. ஆழம் கூடிவிட்டால் வேறு இடம் தேடிப் போய்விடும். சரி, வெறும் கையோடு திரும்ப வேண்டாம் என்று மணலையும் வானத்தையும் முப்பது நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் சாம்பல். நேரில் கண் கூசிய மணல், படத்தில் சிமெண்ட் பூசின தரை மாதிரி இருக்கிறது.

அன்று இரவே காஷ்மீரில் பட்டாளத்தில் இருக்கும் அக்கா மகன் படம் அனுப்பினான். அங்கே வழக்கத்துக்கு மீறிப் பனி கொட்டியிருக்கிறது. அவன் படத்திலும் அதே சாம்பல். அங்கே பனி, இங்கே மணல், இரண்டு கேமராவும் வேறு வேறு. ஆனால் குறை ஒன்றாக இருக்கிறதே, ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, இப்படிக் கொட்டித் தீர்த்த பிறகு நம் கடற்கரையில் எதைத் தேடிப் போக வேண்டும்? எனக்குப் பூநாரையைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

முதுகுளத்தூரான்

தம்பி, உங்கள் அக்கா மகன் இருக்கும் இடத்தில் நானும் நாலு குளிர்காலம் இருந்தவன். டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாளை அங்கே சில்லை கலான் என்பார்கள். பனி இறுகிக் கிடக்கும் காலம். என் முதல் வருடப் படங்கள் எல்லாமே நீங்கள் சொல்கிற சாம்பல்தான்.

காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் வெளிச்சம் உள்ளது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். புதிதாக விழுந்த பனி, தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பும். மீட்டர் அதைப் பார்த்து ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும், அதில் கூட்டல் பக்கம் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை ஏற்றுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. வெயில் அடிக்கும் பனி படம் முழுக்க நிறைந்திருந்தால் இரண்டை ஒட்டி வைக்கலாம். மேகமூட்டமாகவோ, படத்தில் மரமும் பாறையும் பாதி இருந்தாலோ ஒன்று போதும்.

நிழல் நீலமாக வந்தால் அதைக் குறை என்று நினைக்காதீர்கள். வெயில் விழாத பனியின்மேல் வானத்தின் நீலம்தான் விழுகிறது, அது உண்மையான நிறம். நான் அதைத் திருத்தவே மாட்டேன்.

உப்பளத்து மகள் (வாலிநோக்கம்)

அண்ணன் சொன்னதைப் படித்ததும் அப்பாவின் நினைவு வந்தது. முப்பது வருடமாக உப்புப் பாத்தியில் இருக்கிறார். உச்சி வெயிலில் உப்பு வாரும்போது தலைத்துண்டைப் புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொள்வார். மேலே வெயில், கீழே உப்பு, இரண்டு பக்கமும் அடிக்கும். சாயங்காலம் கண் சிவந்து நீர் வடியும். பனியிலும் இப்படித்தான் கண் போகுமா?

உப்பு அம்பாரத்தைப் படம் எடுக்கும்போதெல்லாம் எனக்கும் சாம்பல்தான் வந்தது. ஐப்பசி பிறந்தால் பாத்தியில் வேலை கிடையாது. வாரிக் குவித்த அம்பாரத்தின்மேல் ஓலை போட்டு மூடிவிடுவோம். இந்த மழையில் ஒரு பக்கத்து ஓலை பிய்த்துக்கொண்டு போய், உப்பு கரைந்து, மேலிருந்து கீழே வரி வரியாக வாய்க்கால் விழுந்திருக்கிறது. சின்ன மலையில் அருவி அரித்த மாதிரி. அதைத்தான் எடுக்கப் பார்க்கிறேன். வெள்ளையில் வெள்ளை வரி, படத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

முதுகுளத்தூரான்

தங்கச்சி, போகும். பனியில் கருப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் ராத்திரி கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி உறுத்தும், திறக்க முடியாது. புற ஊதாக்கதிர் விழியின் மேல்படலத்தைச் சுட்டுவிடுகிறது. எங்களுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அப்பாவுக்கு, புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கண்ணாடியாகப் பார்த்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். படத்தைவிட அது முதலில்.

கீழக்கரை ஒளி

நாற்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், மீட்டர் இல்லாத கேமராவில் தொழில் படித்தவன். உப்பளத்துத் தங்கைக்கு ஒரு வழி சொல்கிறேன். உப்பைப் பார்த்து அளக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையை அதே வெயிலில் நீட்டி, கேமராவில் உள்ளங்கை மட்டும் நிறையும்படி வைத்து அளந்துகொள்ளுங்கள். உடம்பு என்ன நிறமானாலும் உள்ளங்கைகளுக்குள் வித்தியாசம் குறைவு. நடுச் சாம்பலைவிட அது ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக இருக்கும். ஆகவே அளந்ததற்கு மேல் ஒரு ஸ்டாப் ஏற்றி, மேனுவலில், அதாவது அளவைக் கேமரா மாற்றாமல் நாமே வைக்கும் முறையில், வைத்து எடுங்கள். அப்புறம் உப்பு, ஓலை, வானம் எதன் பக்கம் திருப்பினாலும் அளவு மாறாது.

வெள்ளையில் வெள்ளை வரி தெரியாததற்கு அளவு காரணமில்லை, நேரம்தான் காரணம். பத்து மணிக்கு எடுத்திருப்பீர்கள். சூரியன் தலைக்கு மேல் வந்தால் வாய்க்காலுக்குள்ளும் வெளிச்சம், மேட்டிலும் வெளிச்சம். நிழல் இல்லாவிட்டால் உருவம் இல்லை. காலையில் வெயில் தரையைத் தடவிக்கொண்டு வரும் அரை மணி நேரத்தில் போங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். விரல் ஆழத்து வரிகூட எழுந்து நிற்கும். பனிக்கும் மணலுக்கும் இதே கணக்குதான்.

பரமக்குடி லென்ஸ்

காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), இப்போது இவ்வளவு பாடு எதற்கு? ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாமே. நான் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன்.

கீழக்கரை ஒளி

ஏற்றலாம் தம்பி, ஆனால் ஏற்றும்போது இருட்டுப் பகுதியில் இருக்கும் புள்ளி புள்ளியான அழுக்கும் சேர்ந்து ஏறும். அந்த ஓலையின் நிழலைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். எடுக்கும்போதே சரியாக ஏற்றியவன் படத்தில் அது இருக்காது. மறுபக்கமும் ஒரு எச்சரிக்கை உண்டு. அளவுக்கு மீறி ஏற்றினால் வெள்ளை வெந்துபோகும். வெந்த இடத்தில் எந்த ஃபைலும் எதையும் மீட்டுத் தராது. ஹிஸ்டோகிராம் என்று இருட்டையும் வெளிச்சத்தையும் கேமரா மலை மாதிரி வரைந்து காட்டும், அந்த மலை வெளிச்சப் பக்கமான வலது ஓரத்தை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது.

‘வெள்ளை என்றால் கூட்டு’ என்று மனப்பாடம் செய்துகொள்ளவும் வேண்டாம். கண்மாயில் கருத்த தண்ணீருக்கு நடுவே ஒற்றைக் கொக்கு நின்றால் கழிக்க வேண்டும். மீட்டர் பார்ப்பது கருப்புத் தண்ணீரைத்தான். அது வெளிச்சத்தை ஏற்றிவிடும், கொக்கின் இறகு வரி எல்லாம் அழிந்து வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டின மாதிரி ஆகிவிடும். படத்தில் எது அதிகம் நிறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

வேதாளை மாணவி

அண்ணா, அக்கா, காக்கா எல்லோருக்கும் நன்றி. என்னிடம் செல்போன் மட்டும்தான். எனக்கு வழி உண்டா?

தென்கடல்

உண்டு தங்கச்சி. திரையில் வெள்ளையான இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அந்த நேரம் படம் இன்னும் இருட்டாகும், பயப்பட வேண்டாம். சூரியக் குறியை விரலால் கொஞ்சம் மேலே தள்ளினால் வெள்ளை வெள்ளையாகிவிடும். காக்கா சொன்னதைப் படித்துவிட்டு நானும் செல்போனிலேயே செய்து பார்த்தேன், நன்றாக வந்தது.

கண்மாய்க்கரை (சித்திரங்குடி பக்கம்)

எதைத் தேடிப் போவது என்று தென்கடல் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் பதில்: கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாருங்கள்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையின் பலன் தெரிவது கண்மாயில்தான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை நான்கும் இன்று உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. முதல் இரண்டும் 2022-இல் சேர்ந்தன, அடுத்த இரண்டும் 2025-இல். இவை எல்லாம் இயற்கை ஏரி இல்லை. நம் முன்னோர் வயலுக்கு வெட்டி, கரை போட்டு வைத்த கண்மாய்கள். தண்ணீர் நின்றால்தான் கருவேல மரங்களைச் சுற்றி அகழி மாதிரி ஆகும். நாயும் கீரியும் ஏற முடியாத மரத்தில்தான் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் நம்பிக் கூடு வைக்கும். மழை பொய்த்த வருடம் அதே மரம் வெறுமனே நிற்கும். பெருமழைக்குப் பிறகு ஒரே மரத்தில் மூன்று நான்கு வகைப் பறவை அடுக்கு வீடு மாதிரிக் குடியிருப்பதைப் பார்க்கலாம். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தண்ணீரில் மிதக்கும். வடக்கே பனி மூடிய தேசங்களிலிருந்து வந்தவை அவை. பனியைப் பற்றிப் பேசுகிற இழையில் அவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வேண்டுகோள் உண்டு. போன வருடம் ஒரு குழு வந்து கூட்டுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டது. தாய்ப் பறவைகள் மொத்தமாக எழும்பிவிட்டன. அந்த இடைவெளியில் காகங்கள் கூட்டுக்குள் இறங்கியதை நான் கரையில் நின்று பார்த்தேன். எத்தனை முட்டை போனது என்று எண்ண முடியவில்லை. சரணாலயத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் கூடாது. கரையைவிட்டு இறங்கவும் வேண்டாம். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அதில் கால்வாசியாவது நாம் செய்யலாம்.

தங்கச்சிமடத்துப் பெண்

நான் படம் எடுப்பவள் இல்லை. என் மகன் இந்த இழையைக் காட்டினான், அதனால் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 20 யாருக்கும் மறந்திருக்காது. ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுப்பு, அரிசி, பிள்ளையின் புத்தகம் எல்லாம் நனைந்து, கட்டிலின் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது யாரோ இரண்டு பேர் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று என்னை வரிசையாகப் படம் எடுத்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வானம் நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அன்றைக்கு வானம் நன்றாகத்தான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் என்னை அதில் சேர்த்திருக்க வேண்டாம்.

முதுகுளத்தூரான்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

2019 நவம்பர் முதல் வாரம். காஷ்மீரில் அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பனி யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆப்பிள் மரத்தில் இலை இன்னும் உதிரவில்லை, சில தோட்டங்களில் பழமும் பறித்து முடியவில்லை. இலை உதிர்ந்த மரமென்றால் பனி கிளைக்கு நடுவே கீழே விழுந்துவிடும். இலையோடு நிற்கும் மரம் அத்தனை பனியையும் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஈரப் பனியின் எடை தாங்காமல் கிளைகள் நடுவில் பிளந்தன. ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. காலையில் போனால் வெள்ளைப் பரப்பில் சிவப்புப் பழங்கள் சிதறிக் கிடக்கின்றன. அப்படி ஒரு காட்சியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கேமராவை எடுத்தேன். மரத்தடியில் தோட்டக்காரப் பெரியவர் பிளந்த கிளையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒட்டவைத்துவிடலாம் என்பது மாதிரி. நான் கேமராவை உள்ளே வைத்துவிட்டு மறுபக்கம் பிடித்தேன். பிறகு கயிறு போட்டுக் கட்டினோம். அந்தப் படம் என்னிடம் இல்லை, அது இல்லையே என்ற வருத்தமும் இல்லை.

பனியைப் பற்றி இன்னும் ஒன்று, தென்கடலின் அக்கா மகனுக்காக. பெரும் பனி கொட்டிய முதல் ஒன்றிரண்டு நாள் மலைச் சரிவுப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லுங்கள். புதுப் பனி பழைய பனிமேல் பிடிப்பில்லாமல் கிடக்கும். பனிச்சரிவு அதிகம் நடப்பது அப்போதுதான். விலங்கு கண்ணில் பட்டால் துரத்தவும் வேண்டாம். ஹங்குல் மான்கள் குளிருக்குத் தாழ்வான இடத்துக்கு இறங்கி வரும். இடுப்பளவு பனியில் அது ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் உடம்புக் கொழுப்பைச் செலவழிக்கிறது. தீனி இல்லாத காலத்தில் அந்தக் கொழுப்புதான் அதற்கு உயிர்.

அப்படியானால் எதைப் படம் எடுப்பது? தடத்தை. பனி விழுந்து நின்ற காலையில் பூமி துடைத்த பலகை. அதன்மேல் இருக்கிற ஒவ்வொரு குறியும் பனி நின்ற பிறகு வந்தது. முகாமுக்குப் பின்னால் நரி ஒன்று நடந்த தடம் பார்த்தேன். நாய் மாதிரி இரண்டு வரிசையாக இல்லாமல், நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில், முன்கால் குழியிலேயே பின்கால். ஓர் இடத்தில் கோடு நிற்கிறது. அங்கிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு குழி, மூக்கோடு பாய்ந்த குழி. பக்கத்தில் இரண்டு சொட்டு ரத்தம். நரியும் இல்லை, எலியும் இல்லை, ஆனால் நடந்தது முழுக்க அங்கே எழுதியிருக்கிறது. அதற்கு முன் நம் காலடி படாமல் சுற்றி வளைத்துப் போய் எடுக்க வேண்டும். என் சொந்தத் தடத்தாலேயே நான் கெடுத்த படங்கள் நிறைய.

உப்பளத்து மகள்

அண்ணன் தனியாக அனுப்பிய பனிப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது எந்த ஊர் பாத்தி, இவ்வளவு வெள்ளையா விளைஞ்சிருக்கு?” என்று கேட்டார். பனி என்று சொன்னேன். “அங்கேயும் கண்ணு கூசும்ல” என்றார். கண்ணாடி வாங்கிவிட்டேன்.

காலை ஆறே முக்காலுக்கு அம்பாரத்தின் கிழக்குப் பக்கம் போனேன். உள்ளங்கையில் அளந்து ஒன்று ஏற்றினேன். வரிகள் அத்தனையும் எழுந்து வந்துவிட்டன. வாய்க்கால் முடியும் இடத்தில் கரைந்த உப்பு மறுபடி உறைந்து, சோற்றுப் பருக்கை அளவில் சதுரம் சதுரமாகப் பூத்திருக்கிறது. அதையும் எடுத்தேன்.

வேதாளை மாணவி

எனக்கு இன்னொரு சந்தேகம். மழைக்குப் பிறகு காலையில் வெளியே எடுத்தால் லென்ஸ் வெள்ளையாக மூடிக்கொள்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

கீழக்கரை ஒளி

ராத்திரி ஏசி அறையில் வைத்திருப்பீர்கள் மகளே. குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் நீராகப் படிகிறது. துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடாக வேண்டும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையோடு திண்ணையில் வைத்துவிடுங்கள். பனி தேசத்தில் இதுவே தலைகீழ்: வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும்போது மூடும். அங்கே, உள்ளே வருவதற்கு முன்பே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். ஈரம் பையின் வெளியே படியும், கேமராவில் படியாது.

வாடைக்காற்றில் கடலோரம் நின்று எடுத்தால் லென்ஸில் உப்பு பூக்கும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் துடையுங்கள்.

தென்கடல்

நேற்று மறுபடி தனுஷ்கோடி போனேன். பூநாரைக்காகப் போகவில்லை. அவை எப்போது வேண்டுமோ அப்போது வரட்டும். 2025 ஜூனில் அந்த இடம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது, இடம் அவற்றுடையது.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு இருட்டோடு போய்ச் சேர்ந்தேன். வாடை மாதமில்லையா, வடகடல் சீறிக்கொண்டிருந்தது, தென்கடல் குளம் மாதிரி. முந்தின இரவு ஒரு மணி நேரம் மழை. முதுகுளத்தூர் அண்ணன் சொன்ன பலகை என் காலடியில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. சுற்றுலா வந்தவர்களின் செருப்புத் தடம், வண்டித் தடம் எதுவும் இல்லை. மணல் முழுக்க மழைத்துளி குத்திய அம்மைத் தழும்பு. சூரியன் எழும்பி வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு பக்கம் நிழல்.

அந்தத் தழும்பின்மேல் நண்டு நடந்திருக்கிறது. வளைக்கு முன்னால் தோண்டிப் போட்ட மணல் விசிறி மாதிரிப் பரவியிருக்கிறது, அதன்மேல் ஒரு மழைக்குத்தும் இல்லை. ஆகவே மழை நின்ற பிறகுதான் வெளியே வந்திருக்கிறது. அங்கிருந்து ஊசியால் தைத்த மாதிரி இரண்டு பக்கமும் புள்ளி வரிசை, தண்ணீர் விளிம்பை நோக்கிப் பத்தடி. நடுவழியில் குறுக்கே மூன்று விரல் தடம், ஏதோ உள்ளான் பறவை ஓடியிருக்கிறது. தடம் சந்திக்கும் இடத்தில் நண்டின் வரிசை சட்டென்று திரும்பி, புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி அகன்று, நேரே வளைக்குள் போய்விட்டது. உயிர் பிழைத்து ஓடியிருக்கிறது. முழங்காலிட்டு, கேமராவைத் தரையோடு வைத்து, உள்ளங்கையில் அளந்து, ஒன்று ஏற்றி எடுத்தேன். மொத்தம் ஒன்பது படம். ஏழு மணிக்குக் காற்று ஏறியது, மணல் ஓடத் தொடங்கியது, கால் மணி நேரத்தில் எல்லாம் அழிந்துவிட்டது.

படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன். மூன்றாவதில் வளையின் வாயில் இரண்டு கண் தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள். தங்கச்சிமடத்து அக்கா, உங்கள் மகனையும் அனுப்பி வையுங்கள். சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு மண்டபம் முகாம் நிறுத்தத்தில் நிற்பேன். வேதாளைத் தங்கச்சியும் வீட்டில் யாரையாவது அழைத்துக்கொண்டு வரலாம். மழை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

தங்கச்சிமடத்துப் பெண்

அனுப்புகிறேன் தம்பி. மூன்றாவது படத்தில் கண்ணைப் பார்த்துவிட்டேன். இடது பக்கத்துக் கண்ணில் ஒரு மணல் ஒட்டியிருக்கிறது.